பூஜைக்கு வைத்த சங்கிலி

பெண் பார்க்கப் போகிறவன்கூட அத்தனை நொட்டை சொல்ல மாட்டான். மகேஸ்வரன் சொன்னான். ஒரு லாரி யார்டில் டயரெல்லாம் வழுக்கை என்றான். இன்னொன்றில் பிரேக்கில் காற்று நிற்கவில்லை என்றான். வேறொரு இடத்தில் வண்டிகள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அங்கே வேலை பார்க்கும் டிரைவர்களில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, அது மனசுக்குப் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். இத்தனைக்கும் வேலை தருகிறேன் வா என்று கல்கத்தாவில் யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க வேலை கேட்டுப் போறீங்களா, இல்ல மார்க்குப் போடப் போறீங்களா?" என்று அவன் பெண்டாட்டி பிரபா கேட்டாள். தான் சமைக்கிற மெஸ்ஸுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது அழுகையாலா வெங்காயத்தாலா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"புடிக்காத வண்டியில ஏறி இன்னொருத்தன் உசுரையும் எடுக்கச் சொல்றியா புள்ள?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அந்த வார்த்தையை அவன் எடுத்துவிட்டால் அந்த வீட்டில் யாராலும் பதில் பேச முடியாது. அது தெரிந்துதான் எடுத்தான். கொஞ்சம் அநியாயம்தான்.

மகேஸ்வரனுக்கு ராசிபுரத்துப் பக்கம். தெருவில் பாதிப் பேர் லாரிக்காரர்கள், மீதிப் பேர் லாரிக்காரர்களுக்கு மாமனார்கள். ஒரு லோடோடு கல்கத்தா வந்தவன் கிதிர்பூர் துறைமுக டாக்கில் டிரெய்லர் ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று தங்கிவிட்டான். பிறகு பிரபாவைக் கூட்டிவந்தான். சுபிக்ஷா இங்கேதான் பிறந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பனோடு தமிழில் சண்டை போட ஆரம்பித்து வங்காளியில் முடிப்பாள்.

அவன் ஓட்டியது திறந்த தட்டு டிரெய்லர். பக்கப் பலகை கிடையாது, கதவு கிடையாது. கப்பலில் வந்திறங்குகிற குழாய், இரும்புச் சுருள், பெரிய இயந்திரம் எல்லாம் அந்த வெறும் தட்டில்தான் ஏறும். லோடுக்கும் ரோட்டுக்கும் நடுவே சங்கிலி ஒன்றுதான் காவல். சங்கிலி நன்றாக இருந்தால் டிரைவர் நல்ல டிரைவர். சங்கிலி அறுந்தால் அவன் கொலைகாரன்.

பழைய கம்பெனியில் ஒரு சங்கிலியின் வளையம் தேய்ந்து மெலிந்திருப்பதை அவன் பார்த்தான், சொல்லவும் செய்தான். 'இந்த ஒரு டிரிப் போய்ட்டு வா, மாத்திடலாம்' என்றார்கள். அவனும் போனான். அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும் அவனுக்கு. பெஹாலா பஜாரில் முன்னால் போன பஸ் சடாரென்று நின்றது. இவன் பிரேக் போட்டான். பின்னால் படார் என்று ஒரு சத்தம். ஓரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த நிமாய் என்கிறவன் மேல் குழாய்கள் உருண்டுவிட்டன.

இந்த மாதிரி நேரத்தில் டிரைவர் இறங்கி ஓடிவிடுவான். ஓடாவிட்டால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும். மகேஸ்வரன் ஓடவில்லை. குழாயைத் தூக்கப் பார்த்தான். ஒற்றை ஆள் தூக்கக்கூடியதா அது? கூட்டம் அவனைப் பின்னியெடுத்தது. போலீஸ் வந்து பார்க்கிறபோது தட்டின் மேல் வேறொரு புதுச் சங்கிலி கிடந்தது. கம்பெனி ஆள் அதற்குள் வந்து மாற்றிவிட்டிருந்தான். 'எங்க சங்கிலியில கோளாறு இல்ல, டிரைவர்தான் சரியாக் கட்டல' என்று எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு சுலபம் பாருங்கள்!

கேஸ் அலிப்பூர் கோர்ட்டில் நடக்கிறது. ஜாமீன் கிடைத்தது, லைசென்ஸும் திரும்பி வந்தது. ஆனால் கேஸ் முடியும்வரை மேற்கு வங்காளத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் போனால் கூப்பிட்டு வண்டி கொடுப்பார்கள். போக முடியாது. இங்கே டாக் முழுக்க அவனுக்குப் 'பெஹாலா கேஸ்' என்று பேர் விழுந்துவிட்டது. தேதிக்குத் தேதி கோர்ட்டுக்குப் போகிறவனை எவன் வேலைக்கு வைப்பான்? நல்ல கம்பெனிகள் கேட்டைத் திறக்கவில்லை. திறந்த கம்பெனிகளின் சங்கிலியைப் பார்த்தால் இவன் உள்ளே போகவில்லை.

கோர்ட் வராந்தாவில் நிமாயின் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளாகவே அவனிடம் வந்து வங்காளியில் கேட்டாள், "நீதான் கட்டினாயா?"

"நான்தான் கட்டினேன் தீதி. இறுக்கித்தான் கட்டினேன். சங்கிலிதான் நல்லதில்லை."

"நல்லதில்லை என்று தெரியுமா?"

அவன் தலையை ஆட்டினான். வக்கீல் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்ததை அவளிடம் சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய் மறுபடி அதே தூணடியில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்த லட்சணத்தில் இருந்த கூரைக்கும் ஆபத்து வந்தது. காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெயராமன் என்பவரின் மெஸ்ஸில் பிரபா சமையலுக்கு நின்றாள். மெஸ்ஸுக்குப் பின்னால் சாமான் போடுகிற அறையை அவர் இவர்களுக்கு விட்டிருந்தார். நல்ல மனுஷர், ஆனால் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதேள் பிரபா. சாய் கிருஷ்ணாவுக்கு அந்த ரூமைத்தான் இடிச்சுக் கட்டணும். துர்கா பூஜைக்குள்ள வேற எடம் பாத்துண்டா எனக்குச் சௌகரியமா இருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஊரிலிருந்து பிரபாவின் அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணினான். ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை இருக்கிறது, சுபிக்ஷாவையும் அங்கேயே சேர்த்துவிடலாம், டிக்கெட் அனுப்புகிறேன் என்றான். பிரபா தகரப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

"விசுவகர்மா பூசை வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு வண்டி அமைஞ்சா இங்கயே எங்கயாச்சும் ஒண்டிக்கலாம். அமையலீன்னா நானும் புள்ளையும் போகோணும். உங்கள உட்டுப்போட்டுப் போகோணும்னு எனக்கு என்ன ஆசையா? ரோட்டுலயா படுக்கறது, பொட்டப்புள்ளய வெச்சிக்கிட்டு?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நிபந்தனையை மீறி ஓடினால் ஜெயில், ஓடாவிட்டால் பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஊர். நல்ல கம்பெனி ஒன்று வேண்டும், உடனே வேண்டும். சம்பளம், படி எதுவும் அவன் கேட்கவில்லை. சங்கிலி நன்றாக இருக்க வேண்டும், கோர்ட் தேதிக்கு விட வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டும் சேர்ந்து அந்த ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கார்கில் சண்டை முடிந்த வருஷம் அது. செப்டம்பரில், துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்னால், நம்மூர் ஆயுத பூஜை மாதிரியான விசுவகர்மா பூஜை வந்தது. அன்றைக்குக் கல்கத்தாவில் ஒரு பட்டறை ஓடாது, ஒரு லாரி நகராது. வானம் முழுக்கக் காற்றாடி. எந்த யார்டிலும் கேட் திறந்தே கிடக்கும், யாரென்று கேட்காமல் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். மற்ற நாளில் வெளியாளை ஸ்டோர் பக்கமே விட மாட்டார்கள். அன்றைக்கோ ஸ்டோரில் இருக்கிற ஜாக்கி, ஸ்பானர், சங்கிலி எல்லாம் சாமிக்கு முன்னால் வந்துவிடும். குங்குமம் வைத்துப் பூப்போட்டு ஊருக்கே காட்டுவார்கள்.

"கம்பெனியோட வண்டவாளமெல்லாம் அன்னிக்கி சாமி முன்னால கெடக்கும் புள்ள. பாத்துப் பொறுக்கிக்கலாம்" என்றான் பிரபாவிடம். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது.

பூஜையன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். தாராதலாவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பல்தேவ் சிங் என்கிற சர்தார்ஜியின் யார்டு. சின்ன இடம். நாலைந்து டிரெய்லர்கள் நாவல் மரத்தடியில் மாலையோடு நின்றன. சிலையும் சின்னது. சர்தார்ஜி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கிச்சடி அண்டா கொதித்தது.

மகேஸ்வரன் நேராகச் சிலைக்கு முன்னால் போனான். அங்கே குவியலாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சங்கிலி. பழசு. துருப்பிடித்தது. நடுவில் அறுந்தது. ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்து வாய் பிளந்த வளையம் மேலே தெரியும்படி அதைக் கிடத்தி, செம்பருத்தி மாலை போட்டிருந்தார்கள்.

அவனுக்குக் காதில் அந்தப் படார் சத்தம் கேட்டது. பெஹாலாவில் கேட்ட அதே சத்தம். கை நடுங்கியது. அறுந்த சங்கிலியைக் கொண்டுவந்து சாமிக்கு வைக்கிறானே, இவன் என்ன மனுஷன், இவன் கம்பெனி என்ன கம்பெனி என்று நினைத்தான். வாங்கிப்போட நாதியில்லாமல் அறுந்ததையே வைத்திருக்கிறான் என்று நினைத்தான். விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஓ பாயி! பாயி! நில்லு!" என்று சர்தார்ஜி பின்னாலிருந்து இந்தியில் கூப்பிட்டார். கிச்சடிக்குக் கூப்பிடுகிறார் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஹைட் ரோட்டில் நீலக் கேட் போட்ட பெரிய யார்டு ஒன்று இருந்தது. உள்ளே போனவனுக்கு வாய் பிளந்துவிட்டது. ஆளுயரச் சிலை, ஸ்பீக்கரில் பாட்டு, மட்டன் வாசனை. சிலைக்கு முன்னால் புத்தம்புதுச் சங்கிலிகள் குவிந்து கிடந்தன. மஞ்சள் பெயிண்ட் அடித்த இறுக்குக் கொக்கிகள், கிரீஸ் மினுக்கம் போகாத வளையங்கள். அவன் உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பார்த்தான். ஒன்றில்கூடத் தேய்மானம் இல்லை. சாமி சிலையைக் கும்பிட மறந்துபோய்ச் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மேனேஜர் தத்தா அதைப் பார்த்துச் சிரித்தார். "டிரைவரா?"

மகேஸ்வரன் ஒன்றையும் மறைக்கவில்லை. பெஹாலா, கேஸ், கோர்ட் தேதி எல்லாம் சொன்னான். அவர் அண்ணன் முறை வைத்து அவன் தோளில் தட்டினார். "அரே தாதா, எந்த டிரைவருக்குக் கேஸ் இல்லை? தேதிக்குப் போய்ட்டு வாங்க. பின்னால குடும்பம் தங்க ரூம் இருக்கு, ஒண்ணு காலியாத்தான் கிடக்கு. நாளைக்குக் காலையில வந்துருங்க. இப்ப பிரியாணி சாப்பிடுங்க."

பிரியாணி ருசித்ததா என்று பிரபா கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "சங்கிலி அத்தனையும் புதுசு புள்ள. அத்தனையும்!" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். பிரபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூத்துக்குப் போய் அண்ணனிடம் டிக்கெட் வேண்டாம் என்றாள். பெட்டியில் அடுக்கிய பாவாடைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். சுபிக்ஷா சந்தில் அறுந்து விழுந்த ஒரு காற்றாடியைக் கொண்டுவந்து புது ரூமில் மாட்ட வேண்டும் என்று பத்திரப்படுத்தினாள்.

மறுநாள் காலை நீலக் கேட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்கிலிருந்து ஓர் இரும்புச் சுருளை ஏற்றி, பெஹாலாவைத் தாண்டி ஜோகாவில் ஒரு கோடவுனில் இறக்க வேண்டும். மகேஸ்வரன் சங்கிலி வாங்க ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்க்காரன் ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். உள்ளே துருவேறிய சங்கிலிகள். ஒன்றில் அறுந்த வளையத்துக்குப் பதில் போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கியிருந்தது.

"புதுசு எங்கே?"

"எந்தப் புதுசு?"

"நேத்துச் சாமி முன்னால இருந்துதே!"

ஸ்டோர்க்காரன் இவனை மேலும் கீழும் பார்த்தான். "அது பார்ட்ஸ் கடைக்காரனோடது தாதா. வருஷா வருஷம் பூஜைக்குக் கொடுத்து வாங்கிக்குவான். விடிஞ்சதும் எடுத்துட்டுப் போய்ட்டான்."

சாமியைக்கூட இரவல் நகை போட்டு ஏமாற்றுவார்கள் என்று மகேஸ்வரனுக்கு எப்படித் தெரியும்? தத்தாவிடம் ஓடினான். தத்தா இன்றைக்குச் சிரிக்கவில்லை. "உன்னைத் தவிர எல்லாரும் இதுலதான் ஓட்டறாங்க. போறியா, வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

கொடியில் தொங்கும் பாவாடைகள் அவன் ஞாபகத்துக்கு வந்தன. வேண்டாமென்று சொன்ன டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. இந்த ஒரு டிரிப்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்பது உறைத்தது. ஆனாலும் ஏறினான். ஏறாமல் என்ன செய்வான்?

டாக்கில் சுருளைத் தட்டில் இறக்கினார்கள். முன்னும் பின்னும் கட்டை அடித்து, இருந்த சங்கிலியைப் போட்டு, முடிந்த மட்டும் இறுக்கினான். போல்ட் போட்ட சங்கிலி நடுவில் வந்தது. கேட்டைத் தாண்டி, நடக்கிறவன்கூட முந்திப்போகிற வேகத்தில் ஊர்ந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் கிர்ரக் கிர்ரக் என்றது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துத் திட்டின. அவன் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

தாராதலா சந்திப்பு வந்தது. திரும்பினால் டயமண்ட் ஹார்பர் ரோடு, அப்புறம் பெஹாலா பஜார். நிமாய் உட்கார்ந்த இடத்தில் இப்போது அவன் பெண்டாட்டி கூடையோடு உட்காருகிறாள் என்று வக்கீலின் குமாஸ்தா ஒருநாள் சொல்லியிருந்தான். அவள் இருக்கிற ஓரமாகத்தான் இந்தச் சுருள் போயாக வேண்டும். மகேஸ்வரன் வண்டியை ஓரத்தில் அணைத்தான். என்ஜினை நிறுத்தினான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. சங்கிலி வேண்டும், யாரிடமாவது கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்தது சர்தார்ஜியின் யார்டுதான். அங்கேயோ அறுந்த சங்கிலிதான் இருக்கிறது. இருந்தாலும் கால் அங்கே போயிற்று.

சர்தார்ஜி அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "நேத்து ஓடினவன்தானே நீ?"

"ஒரு சங்கிலி வேணும் ஜி. இரவலாக் குடுங்க. கால்ல விழறேன்."

அவர் ஸ்டோரைத் திறந்துவிட்டார். சுவர் முழுக்க ஆணி அடித்துச் சங்கிலிகள் வரிசையாகத் தொங்கின. பழசுதான், உழைத்ததுதான். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொன்றும் நல்ல திடமாக இருந்தது. ஒரு மூலையில் தேய்ந்த சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் குவித்திருந்தது, யாரும் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று. கதவுக்கு மேலே அந்த அறுந்த சங்கிலி, மாலை வாடிப்போய்த் தொங்கியது.

"அது..." என்றான் மகேஸ்வரன்.

"அது என் தம்பி ஓட்டின வண்டியோடது. அறுந்து அவன் மேலேயே விழுந்துச்சு. அதைக் கும்பிட்டுட்டுத்தான் இங்க எவனும் சங்கிலி எடுக்கணும்." சர்தார்ஜி அவன் தோளில் இரண்டு சங்கிலியைத் தூக்கிப் போட்டார். "எனக்கு டிரைவர் வேணும்னா பூஜை நாள்லதான் பார்ப்பேன். வர்றவன் எதை முதல்ல பார்க்கிறான்னு உட்கார்ந்து கவனிப்பேன். கிச்சடியைப் பார்க்கிறவன் உண்டு. வண்டியோட பெயிண்டைப் பார்க்கிறவன் உண்டு. நேத்து ஒருத்தன் சங்கிலியைப் பார்த்து நடுங்கினான். இவன்தான் நமக்குன்னு கூப்பிட்டேன். நீ நிக்கவே இல்லையே!"

"கிச்சடிக்குக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன் ஜி" என்றான் மகேஸ்வரன்.

"பொழுது சாயற வரைக்கும் கேட்டையே பார்த்துட்டு இருந்தேன். வரலை. இன்னிக்குக் காலையிலதான் ஒரு பிகார்க்காரனுக்குச் சாவியைக் குடுத்தேன். நாலு பிள்ளைங்க அவனுக்கு. திருப்பி வாங்க எனக்கு மனசு வராது பாயி."

மகேஸ்வரன் அங்கேயே, ஸ்டோர் வாசலில், தோளில் சங்கிலியோடு அழுதான். வெட்கப்படவில்லை. எத்தனை யார்டு ஏறி இறங்கினான், எத்தனை வண்டியைக் குனிந்து பார்த்தான். தேடியது கிடைத்தது, கிடைத்து, பின்னாலிருந்து கூப்பிடவும் செய்தது. இவன்தான் கையை ஆட்டிவிட்டுப் போனான். சர்தார்ஜி ஒரு தம்ளர் டீயை அவன் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்ல சங்கிலியால் சுருளைப் புதிதாகக் கட்டினான். உதைத்துப் பார்த்தான், தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. பெஹாலா பஜாரில் நிமாயின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். டிரெய்லர் வருவதைப் பார்த்ததும் கொய்யாக் கூடையை இழுத்துக்கொண்டு கடைச் சுவரோரம் பின்வாங்கி, அது தாண்டும்வரை நின்றாள். ஓட்டுவது யாரென்று அவள் பார்க்கவில்லை. எந்த டிரெய்லர் வந்தாலும் அப்படித்தான் நிற்பாள்போல. எந்தச் சங்கிலி நல்லது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

லோடு பத்திரமாக இறங்கியது. நீலக் கேட்டுக்கு அவன் திரும்பும் முன்பே செய்தி போய்விட்டது. தத்தா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "நம்ம யார்டுல சங்கிலி இல்லைன்னு சர்தார் வீட்டுல போய்ப் பிச்சை எடுத்தியாமே? நாளையிலேர்ந்து அங்கேயே போய் நில்லு."

இரவல் சங்கிலியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, "டிரைவருக்கும் காய்ச்சல் வரும், கல்யாணம் காட்சி வரும். தினம் காலையில வந்து பாரு" என்றார் சர்தார்ஜி. எவனுக்காவது காய்ச்சல் வராதா என்று காத்திருக்கிற பிழைப்பு. அதை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு ஒரு கூரை போட முடியாது.

பிரபாவிடம் அவனே சொன்னான். "உங்கண்ணனுக்குப் போன் பண்ணி டிக்கெட் அனுப்பச் சொல்லு புள்ள."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சங்கிலியாங்க?" என்றாள். அவன் தலையை ஆட்டினான். கொடியில் இருந்த பாவாடைகளை எடுத்து மடித்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இவளும் திட்டவில்லை.

ஹவுராவில் இருவரையும் கோரமண்டல் ரயிலில் ஏற்றிவிட்டான். ஜெயராமன் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் பிரபாவின் மடியில் இருந்தது. சுபிக்ஷா காற்றாடியை மடியாமல் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பா, துமி கபே ஆஷ்பே?" என்றாள். எப்போ வருவே என்று. "கேஸ் முடிஞ்சதும் வாரேன் கண்ணு" என்றான். கேஸ் எப்போது முடியும் என்று அவனுக்கும் தெரியாது, ஜட்ஜுக்கும் தெரியாது.

பெட்டியைச் சீட்டுக்கு அடியில் கட்டிப் பூட்டச் சங்கிலியும் பூட்டும் விற்கிறவன் ஒருவன் கூவிக்கொண்டு போனான். மகேஸ்வரன் அவனை நிறுத்தினான். ஒரு சங்கிலியை வாங்கி வளையம் வளையமாக நெருடிப் பார்த்தான். வேண்டாமென்று கொடுத்தான். இன்னொன்று. அதையும் இழுத்துப் பார்த்துக் கொடுத்தான். அடுத்ததிலும் ஒரு வளையம் சரியாக ஒட்டவில்லை. விற்கிறவன் வங்காளியில் கத்த ஆரம்பித்தான். வண்டி கிளம்ப மணி அடித்தது.

"தகரப் பொட்டிதானுங்க. அதுல என்ன உசுரா இருக்குது? ஏதோ ஒண்ணு வாங்குங்க, வண்டி நகருது பாருங்க!" என்றாள் பிரபா.

"இருக்குது புள்ள" என்றான் அவன்.

சங்கிலிக் கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தான். நன்றாக இருந்தது. ஓடி ஏறி, குனிந்து, பெட்டியின் கைப்பிடியில் நுழைத்துச் சீட்டுக் காலில் சுற்றிப் பூட்டினான். இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். பிறகு நகருகிற வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டான்.